பத்தியப் பிரசாரகர்கள்

ஆரணியில் யாரிடமும் "நான் சோறு சாப்பிடுவதில்லை" என்று சொல்லக் கூடாது. சொன்னால் மனிதர் ஏற இறங்கப் பார்ப்பார். வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரிப்பார். பட்டுக்கு அடுத்தபடியாக இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அரிசி. சென்னையில் ஒரு மளிகைக் கடைப் பலகையில் 'ஆரணி அரிசி' என்று எழுதியிருந்ததைக் கண்டு, ஏதோ நானே நாற்று நட்டவன் போல் மார்பு விம்ம நின்றிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு எட்டு மாத காலம் அரிசியை ஜன்ம விரோதியாகப் பாவித்து வந்தேன்.

அந்தக் கதைக்காக மட்டும் இதை எழுதவில்லை. என்னைப் போன்றவர்கள் இப்போது தெருவுக்குத் தெரு பெருகிவிட்டார்கள். அவர்கள் பேரில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. முதல் குற்றவாளி நானே என்பதால் என் வாக்குமூலத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம்.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிய வருகிறது. எனக்கு அதைத் தெரிவித்தது ஒரு சட்டைப் பொத்தான். ஒரு கூட்டத்தில் பேச எழுந்தபோது அது தெறித்துப் போய் முன் வரிசையில் விழுந்தது. ரத்தப் பரிசோதனை செய்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர் அம்மாள். "தினமும் நடங்கள், ராத்திரிச் சாப்பாட்டைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்றார். இவ்வளவு சாதாரண யோசனையை யார் மதிப்பார்கள்? வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியைத் திறந்தேன். அங்கே ஒரு லட்சம் வைத்தியர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள்.

முதலில் பத்தாயிரம் அடி. மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு நடந்தேன். ராத்திரி பத்து மணிக்கு அறுநூறு அடி பாக்கி இருந்தால் கூடத்திலேயே செக்குமாடு மாதிரி சுற்றி வந்து கணக்கை நேர் செய்வேன். அந்தப் பத்தாயிரம் எங்கே பிறந்தது என்று பிறகுதான் படித்தேன். 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்க வந்த ஒரு கம்பெனி, தன் சரக்குக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும்படி பெயர் வைத்தது. மருத்துவ ஆராய்ச்சி ஏதும் அதற்கு அடிப்படை அல்ல. 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயும் அவருடைய சகாக்களும் வயதான அமெரிக்கப் பெண்கள் 16,700-க்கு மேற்பட்டவர்களைக் கவனித்து எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரணம் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் நடந்ததில் கூடுதல் லாபம் தென்படவில்லை. நடை நல்லதுதான். கூடத்தைச் சுற்றிய அந்த அறுநூறு அடி மட்டும் ஜப்பானிய வியாபாரிக்கு நான் செலுத்திய கப்பம்.

அடுத்தது பதினாறு மணி நேர உபவாசம். பாட்டி ஏகாதசிக்கு ஏகாதசி பட்டினி கிடந்தாள். அதற்கு அவள் வகுப்பு நடத்தவில்லை. நானோ பகல் பன்னிரண்டு வரை வயிற்றைக் காயப்போட்டுவிட்டு, வந்த தபால்காரரிடம் கூட எரிந்து விழுந்தேன். சீனாவில் உடல் பருத்தவர்கள் 139 பேரை வைத்து ஓராண்டு நடத்திய சோதனை ஒன்று 2022-ல் வெளியாயிற்று. குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும், குறைத்துச் சாப்பிட்டதோடு கடிகாரமும் பார்த்தவர்களுக்கும் எடைக் குறைவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று முடிவு.

பிறகு சிறுதானியம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததும், எங்கள் ஜவ்வாது மலைச் சாமைக்குத் திடீரென்று பளபளப்பான உறை கிடைத்தது. மலைவாசி விளைவித்துத் தின்றபோது அது ஏழைத் தானியம். உறைக்குள் போனதும் ஞானம். சாமைச் சோறு ருசியாகத்தான் இருந்தது. அதிகமாகவே சாப்பிட்டேன். எடையும் கூடிற்று.

கடைசியாக வந்து சேர்ந்தேன் கற்கால மனிதனிடம். பேலியோ என்கிறார்கள். அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை எதுவும் கூடாது; காலையில் நூறு பாதாம், பகலில் காய்கறியும் முட்டையும், ராத்திரி இறைச்சி அல்லது பனீர். 2015 வாக்கிலிருந்தே தமிழ்நாட்டில் இது ஒரு மதம் போலப் பரவிவிட்டது. புதிய மதம் என்றும் சொல்ல முடியாது. லண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் தொழிலில் இருந்த வில்லியம் பாண்டிங் என்பவர், ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு இவற்றை விட்டுத் தாம் இளைத்த வரலாற்றை 1863-லேயே ஒரு சிறு பிரசுரமாக எழுதிவிட்டார். ஸ்வீடன் பாஷையில் இன்றைக்கும் பத்தியம் இருப்பதற்கு அவர் பெயரிலிருந்து வந்த சொல்தான் வழங்குகிறது.

உண்மையை மறைத்தால் நான் பொய்யனாவேன்: ஒன்பது கிலோ இளைத்தேன். சர்க்கரையும் இறங்கிற்று. நம் ஜனங்கள் மாவுச்சத்தை அளவுக்கு மிஞ்சித் தின்கிறார்கள் என்பதும் மெய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வின்படி, நாம் உண்ணும் சக்தியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதே ஆய்வு 2023-ல் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. ஆகவே சோற்றைக் குறை என்பவரோடு எனக்குச் சண்டையில்லை.

சண்டை வேறு இடத்தில். இந்த ஒன்பது கிலோவுக்கு விலை கொடுத்தது யார் என்று கேட்கிறேன்.

முதலில் என் மனைவி கொடுத்தாள். குழந்தைகளுக்கும் அவளுக்கும் ஒரு சமையல், எனக்கு ஒரு சமையல். பாதாம் ஊற வைப்பதும், பனீர் வறுப்பதும், எந்தக் கிழங்கு ஆகும் எது ஆகாது என்று என்னிடம் பரீட்சை எழுதுவதும் அவள் வேலை. ஐந்தாம் மாதம் ஒருநாள் அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "என்னங்க, நீங்க இளைக்கிறதுக்காக நான் இளைச்சுக்கிட்டிருக்கேன்." நான் சிரித்தேன். நல்ல வசனம், எங்காவது உபயோகிக்கலாம் என்று குறித்துக்கொண்டேன். எழுதுகிறவன் புத்தி அப்படி. இந்தப் பத்தியப் புத்தகங்களை எழுதுகிறவர்கள் சமையலறைக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியதை நான் பார்க்கவில்லை.

இரண்டாவதாக விலை கொடுத்தவர் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் நெசவாளி அண்ணன். ஐம்பத்தைந்து வயது. குழித்தறி. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்: வீட்டுத் தரையிலே குழி தோண்டித் தறியை அமைத்திருப்பார்கள். குழியின் விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டு, மிதிகட்டைகளை மாறி மாறி மிதிக்க வேண்டும். கை நாடாவை ஓட்டும். கண் ஜரிகையில் இருக்கும். நாளைக்கு எட்டு மணி, பத்து மணி நேரம் வெறுங்காலோடு மிதிப்பவரைப் பார்த்து, உடற்பயிற்சி போதாது என்று ஒரு காணொளிக்காரர் சொல்கிறார்! அவர் அதையும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

அவருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒருநாள் என்னைத் தெருவில் நிறுத்தி, "இன்னா தம்பி, பாதியா எளைச்சுட்டியே, எப்படி?" என்றார். இளைத்தவனுக்கு வாய் கொழுக்கும். அரைமணி நேரம் உபதேசம் செய்தேன். காணொளிகளை அனுப்பி வைத்தேன். தொண்ணூறு கிலோவிலிருந்து அறுபதுக்கு வந்தவர், மாத்திரை அட்டையைக் குப்பையில் போடுகிறவர், எல்லாம் முன்னும் பின்னுமாகப் படங்களோடு.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். "நூறு பாதாமுக்கு நான் எங்க போவேன்? நெலக்கடலை ஆவுமா தம்பி?" என்று கேட்டார்.

"ஆகாது அண்ணே. அது பருப்பு ஜாதி."

என் கட்சிக் கொள்கையில் நான் அவ்வளவு கறார். கூலிக்கு நெய்கிறவர், சேலை முடிந்து முதலாளியிடம் கொடுத்தால்தான் காசு. கால் கிலோ பாதாம் இரண்டு நாளில் தீர்ந்து போகும். முட்டையும் கோழியும் கீரையுமாகச் சமாளித்தார். மூன்று வாரத்தில் சர்க்கரை இறங்கியது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினார். என்னிடம் வந்து சொன்னார். டாக்டரைக் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. "பேஷ்!" என்றேன்.

ஆறாவது வாரம் கைக்காசு தீர்ந்தது. பாவு வரத் தாமதமாகி வேலையும் இல்லை. சோற்றுக்குத் திரும்பினார். இங்கேதான் விஷயம் இருக்கிறது. சோறு திரும்பிற்று, மாத்திரை திரும்பவில்லை. குணமாகிவிட்டது என்ற நம்பிக்கை ஒன்று தங்கிவிட்டதல்லவா? பத்தியத்தில் காசு கேட்கும் பாதி போய்விட்டது, காசு மிச்சமாகும் பாதி நின்றுவிட்டது. எனக்கு இது தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. அடுத்த சீடனைத் தேடிப் போயிருந்தேன்.

வருஷக் கணக்கில் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கிப் போவது உண்டு. மிதிகட்டை உராய்ந்து இடது பாதத்தில் தோல் பிய்ந்தது அவருக்குத் தெரியவில்லை. குழிக்குள்ளே இருக்கும் காலை யார் குனிந்து பார்க்கிறார்கள்? வீட்டில் அண்ணிதான் வாடை அடிக்கிறது என்று கண்டுபிடித்தாள். வேலூருக்குக் கொண்டு போனார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இந்தச் சம்பவத்தை என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவரும் கற்கால மதத்தவர், மூத்த சீடர். "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்? டாக்டரைக் கேட்டுச் செய்யவும் என்று காணொளியிலேயே போட்டிருக்கிறதே" என்றார். போட்டிருந்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன். கடைசியில், பொடி எழுத்தில், மூன்று விநாடி. அதற்கு முந்தைய இருபது நிமிஷமும் டாக்டரைக் கேலி செய்தே போயிற்று. மாத்திரை சாப்பிடுவது ஒரு அவமானம், அதைத் தூக்கி எறிவது வீரம் என்று இருபது நிமிஷம் சொல்லிவிட்டு மூன்று விநாடியில் கையைக் கழுவினால் கை சுத்தமாகிவிடுமா? பத்தியத்தால் சர்க்கரை இறங்கும்போது மாத்திரையின் அளவை டாக்டர்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும், பத்தியம் தளர்ந்தால் மறுபடியும் அவரிடமே ஓட வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களையும் முதல் நிமிஷத்தில் சொல்ல என்ன தடை? சொன்னால் அதிசயம் குறைந்துவிடும், அதுதான் தடை.

நண்பர் விடவில்லை. "பல்லாயிரம் பேர் பிழைத்திருக்கிறார்களே?" என்றார். பிழைத்தவர்கள் படம் எடுத்துப் போடுகிறார்கள். நடுவில் விட்டவர்கள், விட்ட பிறகு முன்னைவிடப் பருத்தவர்கள், காலில் கட்டுப் போட்டவர்கள் இவர்களுடைய படத்தை யார் போடுகிறார்கள்? காந்தியும் ஆகாரப் பரிசோதனைப் பைத்தியம் பிடித்தவர்தான். 1929-ல் சமைக்காத பச்சை உணவையே தின்று பார்த்தார், மற்றவர்களையும் தின்ன வைத்தார். சில மாதத்தில் வயிற்றுக்கடுப்பு வந்து விட வேண்டியதாயிற்று. அதையும் தம் பத்திரிகையிலேயே எழுதினார். நம் பிரசாரகர்களில் ஒருவர், ஒரே ஒருவர், "இதை நான் விட்டுவிட்டேன், காரணம் இது" என்று ஒரு காணொளி போடட்டும். அவர் அனுப்பும் அடுத்த பத்தியத்தை யோசிக்கிறேன்.

நானும் போடவில்லை என்பதால்தான் இப்போது எழுதுகிறேன். எட்டாம் மாதம் விட்டேன். ஒன்பது கிலோவில் ஆறு திரும்பி வந்துவிட்டது. டாக்டர் அம்மாளிடம் மூன்று மாதம் கழித்துப் போக வேண்டியவன் பதினோரு மாதம் கழித்துப் போனேன். அவர் திட்டவில்லை, அதே யோசனையை மறுபடி சொன்னார். இப்போது ஒரு கரண்டிச் சோறு, அதைவிட அதிகமாகக் கீரையும் காயும் பருப்பும், சாயங்காலம் கோட்டை மைதானம் வரை நடை. ஹைதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: தானியத்தின் பங்கு மொத்தச் சக்தியில் 45 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம், பருப்பும் காயும் கூடட்டும் என்று. அதில் முன்-பின் படங்கள் கிடையாது. எங்கள் தெருவில் அதை யாரும் யாருக்கும் அனுப்பியதாகவும் தெரியவில்லை. வீட்டில் இப்போது ஒரே சமையல்.

அண்ணன் நான்கு மாதம் தறியில் உட்காரவில்லை. இப்போது உட்காருகிறார், குழிக்குள்ளும் துணிச் செருப்போடு. மிதி முன்போல விழவில்லை என்கிறார்; ஒரு சேலைக்குக் கூடுதலாக இரண்டு நாள் ஆகிறதாம். கூலி சேலைக்குத்தான், நாளுக்கு அல்ல. ராத்திரி எட்டு மணிக்கு நான் போய் டார்ச் விளக்கை அடித்து அவருடைய இரண்டு பாதங்களையும் பார்த்துவிட்டு வருவது வழக்கமாகியிருக்கிறது. போன வாரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்:

"தம்பி, இப்ப நெலக்கடலை ஆவுமா?"

"ஆகும் அண்ணே. டாக்டரம்மா ஒரு கைப்பிடி சாப்பிடலாம் என்றார்களே."

"அப்பவே ஆவும்னு சொல்லியிருக்கலாமே" என்றார், காலை இழுத்துக்கொண்டு.