யார் பரப்பும் ஒலி?

2023-ஆம் ஆண்டு மே திங்களில் நடுவணரசின் வானொலித் தலைமை இயக்ககம் ஓர் ஆணை பிறப்பித்தது. இனி எந்த ஒலிபரப்பிலும் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்னும் பெயர் வருதல் கூடாது; ‘ஆகாசவாணி’ என்றே வருதல் வேண்டும் என்பது அவ்வாணையின் பிழிவு. 1990-ஆம் ஆண்டின் பிரசார் பாரதிச் சட்டத்தில் அப்பெயரே எழுதப்பட்டுள்ளது என்றும், அச்சட்டம் 1997-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது என்றும் அதற்குக் கரணியம் காட்டினர். தமிழகத்தினின்று எதிர்ப்புக் குரல் எழுந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் டி. ஆர். பாலு துறை அமைச்சர்க்கு மடல் எழுதினார். ஆயினும், ‘பெயர்தானே, எதுவாயினும் என்ன?’ என்று நம்மவருள்ளேயே பலர் வாளாவிருந்தனர். வாளாவிருத்தற்குரிய செய்திதானா இது?

ஆங்கிலப் பெயர் போயிற்றே என்று யாம் வருந்தவில்லை. அஃது என்றோ போயிருத்தல் வேண்டும். அது போன இடத்தில் தமிழகத்துக்குத் தமிழ்ப்பெயர் வாராமல் வடமொழிப் பெயர் ஏன் வந்து அமர்ந்தது என்பதே எம் வினா.

‘ஆகாசவாணி’ என்னும் பெயரை முதற்கண் இட்டது எந்த அரசும் அன்று. 1935-இல் மைசூரில் உளவியற் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி தம் இல்லத்தில் அமைத்த தனியார் நிலையத்துக்கு வைத்த பெயர் அது. தமிழகத்தின் வானொலி வரலாறோ அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. சி. வி. கிருட்டிணசாமி முயற்சியால் 1924-இல் சென்னை மாகாண வானொலி மன்றம் தோன்றி, அவ்வாண்டு சூலை 31-இல் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. மன்றம் பொருள்முட்டுப்பாட்டால் நின்றபின், 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1938 சூன் 16-இல் சென்னையிலும், 1939 மே 16-இல் திருச்சிராப்பள்ளியிலும் நடுவணரசின் நிலையங்கள் எழுந்தன. மன்றமும் மாநகராட்சியும் நடத்திய காலத்தில் நம் மண்ணில் வழங்காத ஒரு பெயர், தில்லி நடத்தத் தொடங்கிய பின்னரே நம் காதில் ஏறிற்று. தில்லியினின்று வந்த தமிழ்ச் செய்தியும் பல்லாண்டுகள் அப்பெயரைச் சொல்லியே தொடங்கிற்று.

இனிச் சொல்லை நோக்குவோம். ஆங்கிலத்தார் இத்தொழிலுக்கு வழங்கும் சொல், முன்னர் உழவுச் சொல்லாய் இருந்தது. நாற்றாக நடாமல் கையால் வீசி விதைப்பதற்கு வழங்கிய பெயரையே, வானலையில் ஒலியைச் செலுத்தும் தொழில் வந்தபோது அவர்கள் அதற்கு ஆண்டுகொண்டனர். வேற்றுமொழியிற் கடன் கேட்கவில்லை. தம் வயலிற் கிடந்த சொல்லை எடுத்து வானுக்கு ஏற்றினர். தமிழரும் அவ்வாறே செய்தனர். நெல்லைக் களத்திற் பரப்புகின்றோம், பாயைப் பரப்புகின்றோம். அந்தப் பரப்பே ஒலியோடு சேர்ந்து ஒலிபரப்பு ஆயிற்று. ஒளியோடு சேர்ந்து ஒளிபரப்பு ஆயிற்று. லகரம் ஒன்று ளகரமாக மாறவே, வானொலிக்கு ஒன்றும் தொலைக்காட்சிக்கு ஒன்றுமாக இரண்டு கலைச்சொற்கள் கிடைத்துவிட்டன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஆசிரியர் விளக்காமலே இவற்றின் பொருளை அறியும்.

ஈண்டு இலக்கணத்தையும் நோக்குக. பரவு என்பது தன்வினை. பரப்பு என்பது பிறவினை. புகை பரவும், நோய் பரவும்; அவற்றைப் பரப்புவோர் என்று ஒருவர் இல்லாமலும் இருக்கலாம். பரப்பு என்றவுடனே பரப்புவோர் யார் என்னும் வினா எழுந்துவிடும். ஒலியைப் பரப்புதல் என்பதே ஒலிபரப்பு. ஆகலின் இடையிற் பகரவொற்று மிகாது. ‘ஒலிப்பரப்பு’ என்று எழுதினால் நிலப்பரப்பு, நீர்ப்பரப்பு என்பன போல ஒலி நிரம்பிய இடத்தையே அது குறிக்கும், தொழிலைக் குறிக்காது. செய்தித்தாள்களும் அறிவிப்புப் பலகைகளும் செய்யும் இப்பிழையை நம்மவர் கண்ட இடத்தில் திருத்துதல் வேண்டும்.

பரப்புவோர் யார் என்று கேட்க வைப்பது ஒலிபரப்பு. ஆகாசவாணியோ அவ்வினாவை எழவிடாது. கதைகளில் வானத்தினின்று ஒரு குரல் கேட்கும். பேசுவோர் உருவம் தெரியாது. எதிர்த்துக் கேட்கவும் இயலாது. கேட்டவர் தலைவணங்கிப் போவர். ஆகாசவாணி என்றால் அத்தகைய குரலே மக்கள் நெஞ்சில் தோன்றும். மக்கள் வரிப்பணத்தில் இயங்கி, மக்களுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்ட ஓர் அமைப்புக்கு இப்பெயர் பொருந்துமா? செய்தியை ஆக்குவோர் யார், எதைச் சொல்கின்றனர், எதை விடுக்கின்றனர், எவர் மொழிக்கு எத்துணை நேரம் ஒதுக்குகின்றனர் என்று கேட்பது குடிமக்கள் உரிமை. அவ்வுரிமையை நினைவூட்டும் சொல் நம்மிடம் இருக்க, அதனை மறக்கச் செய்யும் சொல் நமக்கு எதற்கு?

‘வானொலியும் ஆகாசவாணியும் ஒருபொருளே அல்லவா? வானம்தானே ஆகாசம்?’ என்று சிலர் கேட்கின்றனர். பொருளளவில் அவை நெருங்கியவையே. நெருங்கியவை ஆயின், தமிழனுக்கு விளங்கும் சொல்லை நீக்கி விளங்காத சொல்லை வைப்பானேன்? இந்தி பேசும் மாநிலங்கள் தமக்கு இசைந்த பெயரை வைத்துக்கொள்ளட்டும், யாம் தடுக்கவில்லை. தமிழகத்து நிலையங்களும் புதுவை நிலையமும் ‘வானொலி’ என்று தம்மை அறிவித்துக்கொண்டால் எந்த அலை அறுந்துவிடும்?

கடல் கடந்து நோக்கினால் நம் நிலை இன்னும் நாணத்தக்கது. இலண்டன் பி.பி.சி. தன் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்னும் பெயரை ஏற்றது. அப்பெயரை இட்டவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம், ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலை எழுதியவரும் அவரே. சிங்கப்பூரின் தமிழ் வானொலிக்குப் பெயர் ‘ஒலி’. மலேசிய அரசின் தமிழ் வானொலிக்குப் பெயர் ‘மின்னல்’. இலங்கையில் 1967-இல் அமைந்த அரசு நிறுவனத்தின் தமிழ்ப்பெயரிலும் ‘ஒலிபரப்பு’ என்னும் சொல் இடம்பெற்றது. ஈழத்தமிழர்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை யாம் மறந்தோம் அல்லேம். அந்நாட்டில் கிடைத்த சொல்லுரிமைகூடத் தாய்த் தமிழகத்தில் இல்லையே என்பதே எம் நோவு. இங்கோ 2024 சனவரியில், தொலைக்காட்சியில் இருந்த ‘பொதிகை’ என்னும் தமிழ் மலையின் பெயரும் நீக்கப்பட்டு, ‘டிடி தமிழ்’ என்றாயிற்று.

நெய்வேலியில் வாழும் நமக்கு இந்நோவு புதிதன்று. 1956-இல் தொடங்கப்பெற்ற நிறுவனத்தின் பெயரில் இவ்வூர்ப் பெயர் முழுமையாய் இருந்தது. 2016-இல் அந்நிறுவனம் ‘என்.எல்.சி. இந்தியா’ ஆயிற்று. நிலம் கொடுத்த ஊர் ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருங்கிற்று. மண் நம்முடையது, மண்ணடிக் கரி நம்முடையது, அக்கரியில் விளையும் மின்னாற்றல் தென்மாநிலங்கள் அனைத்துக்கும் செல்கின்றது. பெயர் மட்டும் நம்முடையதாய் இருத்தல் கூடாதாம்!

ஆயினும் தில்லியை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நகரியத்தின் வட்டங்களில் மாலைப்போதில் நடந்து பாருங்கள். ‘ரேடியோ போடு’, ‘டி.வி.யில் என்ன டெலிகாசுட்டு?’, ‘லைவ் போகிறது’ என்னும் பேச்சே வீடுதோறும் கேட்கின்றது. வானொலியும் தொலைக்காட்சியும் ஒளிபரப்பும் நேரலையும் எழுத்தில் இருக்கின்றன, நாவில் இல்லை. நாவில் வழங்காத சொல்லை எந்த அரசும் எளிதில் நீக்கிவிடும். தடுக்க வருவோர் யார்?

சுரங்கத் தொழிலாளத் தோழர்க்கு ஒன்று நன்கு தெரியும். பழுப்பு நிலக்கரியை யாரும் புதிதாய் ஆக்குவதில்லை. அஃது அடியில் இருக்கின்றது. மேல்மண்ணை அகற்றுவதும், கீழிருந்து பொங்கும் ஊற்றுநீரை இடைவிடாது இறைப்பதுமே பெரும்பணி. ஒருநாள் இறைக்காது விட்டாலும் தொல்லையே. மொழிப்பணியும் அத்தகையதே. அலைவரிசை, சிற்றலை, பண்பலை, நேயர், அறிவிப்பாளர், ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி வழங்குவதற்கு ‘அஞ்சல்’ என்று எத்துணை நல்ல சொற்களைத் தமிழ் வானொலியார் வழக்கிற் கொண்டுவந்துள்ளனர்! புதிதாய் ஆக்கவேண்டியவை சிலவே. நாள்தோறும் வழங்கவேண்டியவையே பல.

ஆகவே தோழர்களே! இத்திங்கள் முதல் மூன்று செயல்களை மேற்கொள்ளுங்கள். வீட்டிலும் பணிமனையிலும் வானொலி, தொலைக்காட்சி, ஒலிபரப்பு, ஒளிபரப்பு, நேரலை என்றே பேசுங்கள். பிள்ளைகளையும் அவ்வாறே பேசப் பழக்குங்கள். சென்னை, திருச்சி, புதுவை நிலையங்களுக்கு ‘வானொலி என்றே அறிவியுங்கள்’ என்று ஆளுக்கோர் அஞ்சலட்டை எழுதுங்கள். மூன்றாவதாக, நம் நாடாளுமன்ற உறுப்பினரை நேரிற் கண்டு, அச்சட்டத்தில் அந்தந்த மாநில மொழிப் பெயருக்கும் இடம் கேட்டு வலியுறுத்தச் செய்யுங்கள்.

ஓர் அஞ்சலட்டையால் சட்டம் மாறிவிடாது என்பதை யாம் அறிவோம். ஆனால், கேட்பவர் எழுதுகின்றார் என்பதைப் பரப்புவோர் அறிதல் வேண்டும். வானத்துக் குரலுக்கு யாரும் மடல் எழுதுவதில்லை. ஒலிபரப்பு நிலையத்துக்கு எழுதலாம், எழுதுங்கள்.