ஏழைக்கு வாக்கு, செல்வருக்கு மேடையா?

தேர்தல் நாள் ஒன்றிலே மாத்திரம் இந்நாட்டிலே சமத்துவம் நிலவுகின்றது. கொழும்பிலே மாளிகை கட்டி வாழும் தனவந்தர் இடும் புள்ளடிக்கும், நுவரெலியாவிலே கொழுந்து பறிக்கும் தாய் இடும் புள்ளடிக்கும், கிளிநொச்சியிலே குத்தகைக்கு வயல் செய்யும் கமக்காரர் இடும் புள்ளடிக்கும் நிறை ஒன்றே. ஆனால், அன்று மாலை வாக்குப் பெட்டி மூடப்பட்டதும் அந்தச் சமத்துவமும் பெட்டிக்குள்ளே மூடப்பட்டு விடுகின்றது. வேட்பாளர் யார் என்று தீர்மானிப்பவர் யார்? மேடையிலே ஏறுபவர் யார்? மந்திரியின் கதவைத் தட்டினால் திறக்கப்படுவது யாருக்கு? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், ஓய்வும் பணமும் படிப்பும் உடையோர் ஆள்கின்றனர், ஏனையோர் வாக்கு மட்டும் போடுகின்றனர் என்ற கசப்பான உண்மையே எஞ்சும்.

இந்நிலை நேற்று முளைத்ததன்று. 1911 இலே சட்ட நிரூபண சபைக்குக் 'கற்ற இலங்கையர்' பிரதிநிதி ஒருவரைத் தெரிவதற்குத் தேர்தல் நடந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் வெற்றி பெற்றார். நாட்டின் குடிசனம் அப்பொழுது நாற்பது இலட்சத்துக்கு மேல். அத்தேர்தலிலே வாக்குரிமை பெற்றிருந்தவரோ மூவாயிரத்துக்கும் குறைவு! 1924 அளவிலும் குடிசனத்திலே நூற்றுக்கு நால்வருக்கே வாக்கு இருந்தது. நிலம், வருமானம், படிப்பு என்ற மூன்று வேலிகளுக்கு வெளியே மற்றெல்லாரும் நின்றனர்.

டொனமூர் ஆணைக்குழு 1927 இலே வந்தபோது அவ்வேலியைப் பிடுங்க வேண்டும் என்று வாதாடியவர் ஏ. ஈ. குணசிங்கவும் அவருடைய தொழிற்சங்கத்தாருமேயாவர். சிங்களத் தலைவராயினும் தமிழ்த் தலைவராயினும் பெரியோர் பலர் வேலி இருக்கட்டும் என்றே கூறினர். நாம் போற்றும் இராமநாதன் அவர்களும் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். பெரியோரின் தொண்டை மறவாதிருப்பது நம் கடன். அவர் தவறிய இடத்தை மறைப்பது நம் கடனன்று. 1931 இலே, 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. கொடுத்தவர் அந்நியர், தடுக்க முனைந்தவர் நம்மவர். இந்த வெட்கத்தை நாம் மறத்தலாகாது.

ஏழையின் வாக்கு எதைச் சாதித்தது என்று கேட்பார் உளர். பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 1945 இலே, கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏழையின் வீட்டு வாசலிலே வாக்குக் கேட்டு நின்றவர்கள் ஏழையின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தே தீர வேண்டியவராயினர். இன்று யாழ்ப்பாணத்திலே வைத்தியராயும் பொறியியலாளராயும் கணக்காளராயும் விளங்கும் எத்தனையோ பேர் அந்த வாக்கின் பேரப்பிள்ளைகளேயாவர்.

இதற்கு மறுதலையான சான்றை மலையகத்திலே காண்க. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இலே செய்யப்பட்ட தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. வாக்கை இழந்தவரிடம் யார் வந்து கும்பிடுவார்? நாடெங்கும் இலவசக் கல்வி பரந்தபோது தோட்டப் பாடசாலை ஒதுக்குப்புறத்திலே கிடந்தது. 1970 களிலேதான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. நாடற்றவராக எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. வாக்கு மீண்ட பின்னரும் கொடுமை தீர்ந்ததா? 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டத்துக்குள்ளே வீதிக்கோ கிணற்றுக்கோ சபையின் பணத்தைச் செலவிட இடமிருக்கவில்லை. அச்சட்டம் திருத்தப்பட்டது 2018 இலேயே. பல்லாண்டுகளாக லயத்து மக்கள் சபைக்கு வாக்களித்தனர். அச்சபையோ அவர்கள் வாசலிலே ஒரு கல்லை நாட்ட முடியாதிருந்தது!

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். வாக்களிப்பதற்குக்கூட ஏழை விலை கொடுக்க வேண்டியிருக்கின்றது. ஊழியருக்கு நான்கு மணித்தியாலத்துக்குக் குறையாத, சம்பளத்துடனான விடுமுறையை முதலாளி வழங்க வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. நன்று. முதலாளியே இல்லாத நாட்கூலிக்காரருக்கும், கடலுக்குப் போகும் மீனவருக்கும் விடுமுறை கொடுப்பவர் யார்? அரசாங்க உத்தியோகத்தருக்குத் தபால்மூல வாக்கு உண்டு. கட்டுநாயக்காவிலே தைக்கும் வன்னிப் பெண் பிள்ளைக்கோ 2024 ஆம் ஆண்டுத் தேர்தல்களிலும் அந்த வசதி இருக்கவில்லை. அவள் பேருந்துக் கட்டணமும் ஒன்றிரண்டு நாட் சம்பளமும் இழந்தே ஊருக்கு வந்து புள்ளடி இட வேண்டும். வெளிநாட்டிலே உழைத்து இந்நாட்டுக்குப் பணம் அனுப்புவோருக்கும் அங்கிருந்து வாக்களிக்க வழி இருக்கவில்லை.

வாக்களிப்பதற்கே இவ்வளவு என்றால், வாக்குக் கேட்பதற்கு எவ்வளவு? தேர்தற் செலவை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2023 இலே வந்தது. அதன்படி 2024 சனாதிபதித் தேர்தலிலே வேட்பாளர் ஒருவர் வாக்காளர் தலைக்கு 109 ரூபா செலவிடலாம் என்று விதிக்கப்பட்டது. கூட்டிப் பார்த்தால் 186 கோடி ரூபாவுக்கு மேல். இது கட்டுப்பாடாம்! அதே ஆண்டு செப்டெம்பரிலே தோட்டத் தொழிலாளருக்கு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஆண்டுக்கு 300 நாள் உழைத்து, ஒரு சதமும் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும், அத்தொகையை எட்ட அத்தொழிலாளிக்கு 4,600 ஆண்டுகள் வேண்டும். 'யாரும் போட்டியிடலாம்' என்ற வாசகத்தின் பொருள் இதுதானோ?

பாராளுமன்றத் தேர்தலிலும் கதை வேறன்று. முன்னாளிலே ஒரு தொகுதியை வேட்பாளர் சைக்கிளிலே சுற்றி வரலாம். 1989 முதல் தேர்தல் மாவட்டம் முழுவதிலும் விருப்பு வாக்குத் தேட வேண்டியதாயிற்று. நெடுந்தீவு தொடக்கம் கிளிநொச்சி வரை வாகனமும் சுவரொட்டியும் ஆளும் அனுப்ப வல்லவர் எந்தக் கமக்காரர்?

நம்முடைய கட்சிகளின் நிலையையும் ஒளியாது பேசுவோம். இராமநாதன், பொன்னம்பலம், செல்வநாயகம், அமிர்தலிங்கம் ஆகிய நால்வரும் சட்டத்தரணிகள். அவர்தம் ஆற்றலை நாம் குறை கூறவில்லை. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சட்டத்தரணி ஒரு வழக்கைப் பின்போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போகலாம். கமக்காரர் அறுவடையைப் பின்போட முடியாது. அரசியலுக்கு முதல் மூலதனம் ஓய்வு நேரம். அது ஏழையிடம் இல்லை. பொருளோடு சாதியும் சேர்ந்தபோது வேலி இரட்டிப்பாயிற்று. 1931 இலே வாக்குப் பெற்ற ஒடுக்கப்பட்ட மக்களின் குரலாகச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் எம். சி. சுப்பிரமணியம் 1970 இலே பாராளுமன்றம் புகுந்தார். அதுவும் நியமனத்தால்! நம்முடைய கட்சிகள் அவர்களின் வாக்கை வாங்கிக்கொண்டு ஆசனத்தைத் தாமே வைத்துக்கொண்டன என்றால் மறுப்பவர் யார்?

'படியாதவனுக்கு என்ன அரசியல் தெரியும்? ஒரு சாராயப் போத்தலுக்கு விற்றுவிடுவான்' என்று விறாந்தையிலே சாய்ந்திருந்து பேசுவோர் இன்றும் உளர். அவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். மலையக மக்களின் உரிமையைப் பறித்த சட்டங்களுக்குக் கை உயர்த்தியவர்கள் எழுத்தறியாக் கூலிகளா? இங்கிலாந்திலே சட்டம் கற்றோரும் அவர்களுள் இருந்தனரே! குளத்தடியிலே நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு ஒருநாள் சென்று பாருங்கள். எந்நாளிலே நீர் திறப்பது, எந்நாளுக்குள்ளே விதைப்பது, எந்நாள் தொடக்கம் மாடுகளைக் கட்டுவது என்று கமக்காரர் வாதாடி முடிவு காண்கின்றனர். குளத்து நீரைப் பங்கிடத் தெரிந்தவருக்கு நாட்டுச் செல்வத்தைப் பங்கிடத் தெரியாதா?

தேர்தலே நடவாதபோது நட்டப்படுபவரும் ஏழையே. உள்ளூராட்சி சபைகளின் ஆயுள் 2023 மார்ச்சிலே முடிந்தது. பணமில்லை என்ற சாட்டுடன் தேர்தல் நிறுத்தப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டிலே தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே மாதத்திலேயே. அவ்விரண்டாண்டுகளிலும் வசதியுள்ளவர் தம் ஒழுங்கைக்குத் தாமே கிரவல் போட்டிருப்பார். உத்தியோகத்தரைத் தொலைபேசியிலே அழைத்திருப்பார். வட்டார உறுப்பினரைத் தவிர வேறு யாரையும் அறியாதவர் எங்கே போவார்? வட மாகாண சபையின் ஆயுளோ 2018 ஒக்டோபரிலே முடிந்தது; 2025 ஆம் ஆண்டு கழிந்தும் மறு தேர்தல் நடக்கவில்லை. கொழும்பிலே ஆள் பழக்கம் உள்ளவருக்கு மாகாண சபை அவசியமில்லாதிருக்கலாம். பருத்தித்துறையிலே வலை இழுப்பவருக்கு அது அவசியம்.

ஆகவே நாம் கேட்பவை இவை. மாகாண சபைத் தேர்தலை மேலும் கடத்தாது நடத்துக. ஊரை விட்டு உழைக்கப் போனவர் உழைக்கும் இடத்திலேயே முன்கூட்டி வாக்களிக்க வழி செய்க. கட்சிகள் தங்கள் வேட்பாளர் பட்டியலிலே கமக்காரருக்கும், மீனவருக்கும், தொழிலாளருக்கும், பெண்களுக்கும் இடம் ஒதுக்குக; பெயருக்கு மட்டும் சேர்த்து ஏமாற்றுதல் வேண்டாம். கட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகின்றது என்பதைத் தமிழிலே, மக்கள் அறிய வெளியிடுக. கட்சிக் கூட்டங்களை உழைப்பவர் ஓய்ந்திருக்கும் நேரத்திலே, அவர் ஊரிலே கூட்டுக.

சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, ஆசிரியர்களே! மாதத்திலே ஒரு மாலைப்பொழுதைக் கமக்காரர் அமைப்புக்கும் மீனவர் சங்கத்துக்கும் கொடுங்கள். அங்கே பேசுவதற்கு முன் கேளுங்கள். சட்டத்தை அவர்கள் மொழியிலே விளக்குங்கள். மனு எழுதக் கற்றுக் கொடுங்கள். பின் கதிரையை அவர்களுக்கு விட்டு எழுந்திருங்கள்.

கமக்காரப் பெருமக்களே! வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் 'உங்கள் பட்டியலிலே எங்களில் எத்தனை பேர்?' என்று கேளுங்கள். விடை சொல்லத் தடுமாறுபவரை மாலையிட்டு வரவேற்காதீர்கள். நெல்லுக்கு விலை கூறுவதை வியாபாரியிடமே விட்டால் என்ன நேரும் என்பதை நீங்கள் அறிவீர்கள். அரசியலிலும் அதுவே நேர்ந்து வந்திருக்கின்றது. இனியும் அதற்கு இடங்கொடாதீர்கள்.