நஹி ஜி!

மீன்தான் வேண்டுமென்றால் காசிமேட்டுக்குப் போகலாம். ஆட்டோ சார்ஜைச் சேர்த்தாலும் மலிவு. தூண்டிலோடு மலைக்குக் கிளம்புகிறவனுக்கு வேண்டியது மீன் அல்ல, மூன்று நாள் மேனேஜர் முகம் தெரியாத ஒரு ஆற்றங்கரை. பி.காம். படித்தவன் என்ற முறையில் இதை பட்ஜெட்டின் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

எங்கள் கோஷ்டி நாலு பேர். "காவிரி இருக்கும்போது எதுக்குடா ரயில் செலவு?" என்றான் ஒருவன். நியாயமான கேள்வி. கர்நாடகத்தில் பீமேஸ்வரி, காலிபோரே பக்கம் மஹசீர் பிடிக்க (பிடித்து, ஆற்றிலேயே திரும்ப விட) வெளிநாட்டுக்காரர்கள் வந்து குவிந்த காலம் உண்டு. மஹசீர், கெண்டை வம்சத்து ராட்சசன். 1946-ல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. கேள்வி கேட்டவனே அவ்வளவு தேறமாட்டான்! ஆனால் அது சரணாலயப் பகுதி என்று 2010-ஐ ஒட்டித் தூண்டிலுக்குத் தடை வந்துவிட்டது. 2018-ல் காவிரியின் திமில் மஹசீர், அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது. "ராத்திரியில ஏற்பாடு பண்ணிடலாம் சார்" என்று யாராவது சொன்னால் அவர் கைடு அல்ல, உங்கள் ஜாமீன் செலவு.

ஆக, ஹிமாசலப் பிரதேசம், தீர்த்தன் பள்ளத்தாக்கு. சண்டிகரிலிருந்து குலு போகும் வழியில் ஔட்டில் பிரிந்து பஞ்சார் போகவேண்டும். அங்கே ட்ரவுட். ஜில்லென்ற தண்ணீரில்தான் உயிர் வாழும் என்பதால், வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து மலை ஆறுகளில் விட்ட மீன்.

ஊர் முடிவாகிவிட்டது. கைடு?

மூன்று பேருக்கு போன் போட்டோம். எல்லாரிடமும் அதே நாலு கேள்விகள். நீங்களும் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று: "மீன் கண்டிப்பா கிடைக்குமா?" இதற்கு 'கேரண்ட்டி' என்று பதில் வந்தால் போனை வைத்துவிடவும். மீன் அவரிடம் சம்பளம் வாங்கவில்லை.

இரண்டு: "எந்த மாசம் வரலாம்?" 'எப்ப வேணாலும்' என்றால் அவரும் அவுட். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ட்ரவுட் முட்டையிடும் காலம், பிடிக்கத் தடை. ஜூலை, ஆகஸ்டில் மழை. ஆறு டீக்கடை டிகாக்ஷன் மாதிரி ஓடும்.

மூன்று: "லைசென்ஸ்?" மீன்வளத்துறை தருவது, உங்கள் பெயரில் இருக்கவேண்டும். 'நம்ம ஆளுங்கதான், பார்த்துக்கலாம்' என்பது லைசென்ஸ் ஆகாது.

நாலு: "பிடிச்ச மீனை எப்படி விடுவீங்க?" முள் இல்லாத கொக்கி, கையை நனைத்துக்கொண்டு தொடுவது, மீனைத் தண்ணீரைவிட்டு அதிக நேரம் தூக்காமல் இருப்பது. இந்த மூன்றும் பதிலில் வந்தால் தொழில் தெரிந்தவர். வறண்ட கை, மீனின் மேல் இருக்கும் வழவழப்பை உரித்துவிடும். நீந்திப் போகும், பிறகு செத்துப்போகும்.

முதல் ஆள் கேரண்ட்டியில் விழுந்தார். இரண்டாமவர், 'எப்ப வேணாலும்'. மூன்றாமவர் நாலிலும் தேறிவிட்டு, நாங்கள் கேட்காத ஐந்தாவதையும் சொன்னார்: "நான் கரையேறுன்னா, மீன் மாட்டியிருந்தாலும் ஏறணும்."

காரணம் இருக்கிறது. தீர்த்தன், லார்ஜியில் பியாஸோடு சேர்கிறது. அங்கே ஒரு மின்சார அணை. 2014 ஜூன் 8-ம் தேதி மாலை, அதற்குச் சற்றுக் கீழே, ஆற்றுப் பாறைகளில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் இன்ஜினீயரிங் மாணவர்கள் 24 பேரை, அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. எல்லாருக்கும் நம் வயசு, அல்லது அதற்கும் குறைவு. அணை இல்லாத ஆற்றிலும் மேலே மழை பெய்தால் கீழே வெயிலில் வெள்ளம் வரும். தண்ணீர் கலங்குவதையும், சுள்ளி மிதந்து வருவதையும் பார்த்துப் படிக்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண்ணுக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம். தூண்டில் போட நாமே கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாமவர் ரேட் மற்றவர்களைவிட அதிகம். கொஞ்சம் குறைக்கச் சொன்னோம். "நஹி ஜி." ராத்திரி தூண்டில் போடலாமா? "நஹி ஜி." ஆற்றங்கரையில் பீர்? "நஹி ஜி."

அட்வான்ஸ் அனுப்பிவிட்டோம். எங்கள் நாலு பேருக்கும் ஹிந்தியில் சந்தேகமில்லாமல் புரியும் ஒரே வார்த்தை அதுதான்.