என்ஜின் இருக்கட்டும், சேசிஸைப் பாருங்கள்!

வீட்டுக் கொட்டகையில் மோட்டார் கார் செய்ய முடியுமா?

முடியும்! இங்கிலாந்தில் செய்கிறார்கள். பள்ளி ஆசிரியர் செய்கிறார். கடைக்காரர் செய்கிறார். அந்த நாட்டுச் சட்டமும் அதை அனுமதிக்கிறது.

இப்படிக் கார் செய்யக் கிளம்புகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எடுத்த எடுப்பில், "எந்த என்ஜினைப் போடலாம்?" என்று கேட்பார்கள்.

அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி வேறு.

என்ஜின் கெட்டால் கார் நிற்கும். அவ்வளவுதான். இறங்கித் தள்ளலாம். ஆனால் ஓடும்போது சேசிஸ் விட்டுப் போனால்? சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பினால்? பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருப்பாள். மடியில் குழந்தை இருக்கும். எதிரே வருகிறவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கும்.

ஆகையால், கார் செய்ய ஆசைப்படுகிறவன் முதலில் சேசிஸைக் கற்க வேண்டும். அடுத்து, சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷனைக் கற்க வேண்டும். கற்காதவன் வெல்டிங் கம்பியைத் தொடக்கூடாது.

ஈரத் துணி பிழிவதுபோல்...

சேசிஸ் என்றால் என்ன? பஸ் கட்டுவதற்காக வெறும் சேசிஸ் ரோட்டில் போவதைத் தமிழ்நாட்டில் பலரும் பார்த்திருப்பார்கள். கூரை கிடையாது. கதவு கிடையாது. டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காற்றில் ஓட்டிப் போவார். கரூர் போன்ற ஊர்களில் அதன்மேல் பாடி கட்டுவார்கள். அந்த இரும்புச் சட்டம்தான் சேசிஸ்.

அதன் வேலை சுமையைத் தாங்குவது என்று சொல்வார்கள். அது பாதிப் பதில்தான்.

முன் சக்கரம் ஒன்று மேட்டில் ஏறுகிறது. மற்ற மூன்றும் சமதரையில் இருக்கின்றன. அப்போது சேசிஸுக்கு என்ன நேருகிறது? ஈரத் துணியைப் பிழிவதுபோல் அது முறுக்கப்படுகிறது! அந்த முறுக்கலுக்கு வளைந்து கொடுக்காததே நல்ல சேசிஸ்.

வளைந்தால் என்ன மோசம்? வளைகிற சேசிஸ் தானே ஒரு ஸ்பிரிங் ஆகிவிடும். சக்கரத்தில் உள்ள ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க ஷாக் அப்சார்பர் இருக்கிறது. சேசிஸின் துள்ளலை அடக்க எது இருக்கிறது? ஒன்றும் இல்லை. பிறகு எத்தனை விலை கொடுத்து ஸ்பிரிங் வாங்கிப் போட்டாலும் வீண்தான்.

இதைத் தெரிந்துகொள்ளக் காசு செலவில்லை. நாலு குச்சிகளை மூலைக்கு ஓர் ஆணி அடித்துச் சதுரமாக்குங்கள். லேசாகத் தள்ளுங்கள். சாய்ந்துவிடும். இப்போது மூலைக்கு மூலை குறுக்காக ஐந்தாவது குச்சியை அடியுங்கள். தள்ளிப் பாருங்கள். அசையாது! சதுரம் இரண்டு முக்கோணங்கள் ஆகிவிட்டது. அதுதான் ரகசியம்.

செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி வீட்டில் இருக்குமே? மூடியை எடுத்துவிட்டு இரண்டு கைகளாலும் முறுக்குங்கள். நெளியும். மூடியைச் சுற்றிலும் ஒட்டிவிட்டு முறுக்குங்கள். விறைத்து நிற்கும். மேலே திறந்த கார் செய்கிறவர்களுக்கு ஏன் தலைவலி அதிகம் என்பது இப்போது புரியும்.

சேசிஸுக்குக் கெட்டியான இரும்புக் கம்பியைப் போடாமல் குழாயைப் போடுவதும் இதே கணக்குத்தான். ஒரே எடையில் கம்பியைவிடக் குழாய் குறைவாக வளையும். மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் சாரம் கட்ட உதவவில்லையா?

பாலம் படித்தவர்

1948-ம் ஆண்டில் லண்டனில் காலின் சாப்மன் என்ற வாலிபர் ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைப் பிரித்துப் போட்டுப் புதுக் கார் ஒன்று செய்தார். எங்கே தெரியுமா? காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில்! 1952-ல் அவர் லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு 25 பவுன் கடன் கொடுத்தவரும் அதே ஹேசல்தான். பின்னால் இருவரும் மணந்துகொண்டார்கள்.

சாப்மன் காலேஜில் படித்தது கார் அல்ல. பாலமும் கட்டடமும் எப்படிச் சுமை தாங்குகின்றன என்ற படிப்பு! அவருடைய கார்கள் எடை குறைந்தும் உறுதியாகவும் இருந்ததற்கு அந்தப் படிப்பு பெரிதும் உதவியது. குழாய்களை முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்துச் சேசிஸ் செய்தார். பந்தயக் காருக்கு 1962-ல் குழாயையும் விட்டுவிட்டு, மெல்லிய தகட்டால் பெட்டிபோல் உடலைச் செய்தார். செருப்புப் பெட்டிக் கணக்குத்தான்! அந்தக் காரில் ஜிம் கிளார்க் 1963-ல் உலக சாம்பியன் ஆனார்.

1957-ல் வந்த "லோட்டஸ் செவன்" காரைப் பிரித்த நிலையிலும் விற்றார்கள். முழுக் காருக்கு விற்பனை வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் வரி இல்லை. ஆனால் காரைப் பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக்கூடாது என்று விதி இருந்ததாம். அதனால் காரைக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம்! வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்தால் போதும். இப்படி ஒரு கதை உண்டு.

டிரைவர் தொடாமலே திரும்பும் கார்

சஸ்பென்ஷனுக்கு வருவோம். ஸ்பிரிங் போட்டால் சஸ்பென்ஷன் ஆகிவிட்டது என்று நினைப்பவர்களே அதிகம். சக்கரம் மேலும் கீழும் போகும்போது எந்த வழியில் போகிறது, எப்படிச் சாய்கிறது என்பதுதான் முக்கியம்.

முன் சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்திருக்கும். திருப்பத்தில் கார் வெளிப்பக்கமாகச் சாய்கிறது. இரண்டு கைகளும் சம நீளமாகவும் ஒன்றுக்கொன்று நேராகவும் இருந்தால், காரோடு சேர்ந்து சக்கரமும் சாயும். டயர் ஓரத்தில் நிற்கும். பிடிப்புக் குறையும். மேல் கையைக் குட்டையாக்கினால் வெளிச் சக்கரம் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. சக்கரத்தைத் திருப்பும் டை ராடு, அந்த இரு கைகளின் போக்கிலேயே மேலும் கீழும் போக வேண்டும். அதன் நீளமோ உயரமோ பிசகினால், சக்கரம் மேடு ஏறும்போதெல்லாம் டை ராடு அதை இழுக்கும், அல்லது தள்ளும். டிரைவர் ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை. கார் திரும்புகிறது!

இதை ரோட்டுக்குப் போய்க் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காரை ஸ்டாண்டுகளின் மேல் அசையாமல் நிறுத்திவிட்டு, ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். ஸ்டியரிங்கை நேராகக் கட்டிவிட வேண்டும். ஜாக்கியால் சக்கரத்தை அங்குலம் அங்குலமாகத் தூக்கி, முன் விளிம்பும் பின் விளிம்பும் நகர்கின்றனவா என்று அளக்க வேண்டும். ஒரு மாலை நேர வேலை. இதைச் செய்யாமல் வண்டியை வெளியே எடுப்பவனைத் தைரியசாலி என்று சொல்ல முடியாது.

ஸ்பிரிங் விஷயத்திலும் நூதனமான ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் 1930-களில் மாரிஸ் ஓலி என்ற என்ஜினீயர் காரின் முன்னும் பின்னும் எடைகளை மாற்றி மாற்றி வைத்து ஓட்டிப் பார்த்தார். மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறும். பின் சக்கரம் சற்றுப் பிந்தி ஏறும். ஆகவே பின் பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடும்படி ஸ்பிரிங் போட்டால், அது முன் பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். கார் படகுபோல் தலையாட்டாது. பின் இருக்கைக்காரருக்குக் குமட்டலும் இராது!

அட்டை, குண்டூசி, நூல்

"இதற்கெல்லாம் காலேஜ் படிப்பு வேண்டாமா?" என்று கேட்கலாம்.

வேண்டியதில்லை. ஆலன் ஸ்டானிபோர்த் என்பவர் இங்கிலாந்தில் பத்திரிகை நிருபர். மினி கார் என்ஜினை வைத்து "டெரப்பின்" என்ற பந்தயக் கார் செய்தார். சஸ்பென்ஷனைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அவர் சொல்லிக் கொடுத்த வழி என்ன? அட்டையை வெட்டிக் காரின் குறுக்குத் தோற்றம் செய்வது. குண்டூசி குத்தி, நூலை இழுத்துக் கட்டுவது. அட்டையைச் சாய்த்து, சக்கரம் எப்படிச் சாய்கிறது என்று பார்ப்பது! இன்று கம்ப்யூட்டர் அதை நொடியில் சொல்லிவிடும். ஆனாலும் முதல் பாடத்துக்கு அட்டைதான் நல்லது. கை தொட்டது மறக்காது.

"எதற்கு இந்தப் பாடு? வந்த காரைப் பார்த்து அப்படியே செய்தால் போகிறது" என்பது இன்னொரு கட்சி. இதில் பாதி நியாயம் இருக்கிறது. 1996-ல் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர், 250 பவுன் செலவில் ஸ்போர்ட்ஸ் கார் செய்யலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார். லோட்டஸ் செவன் மாதிரியில், ஓர் அங்குலச் சதுரக் குழாயால் சேசிஸ். பழைய போர்டு எஸ்கார்ட் காரிலிருந்து மற்ற பாகங்கள். அதைப் பார்த்துப் பலரும் கார் செய்தார்கள். முதல் காருக்கு இப்படி ஓடித் தேறிய அமைப்பை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆனால் பார்த்துச் செய்கிறவன் சும்மா இருப்பானா? கால் இடிக்கிறது என்று ஒரு குறுக்குக் குழாயை அறுப்பான். முக்கோணம் போயிற்று! அழகுக்காக அகலச் சக்கரம் மாட்டுவான். கனமான என்ஜினை இறக்குவான். ஒன்றை மாற்றினால் மற்றது என்ன ஆகும் என்று தெரியாதவன் பார்த்துச் செய்வதும் ஆபத்துத்தான்.

இங்கிலாந்து சர்க்கார் இதை உணர்ந்திருக்கிறது. சாப்மன் காலத்தில் இல்லாத சோதனை இப்போது இருக்கிறது. வீட்டில் செய்த கார் ஒவ்வொன்றும் ரோட்டுக்கு வருமுன் தனிச் சோதனையில் தேற வேண்டும். பிரேக், விளக்கு, கூரான விளிம்பு எல்லாம் பார்ப்பார்கள். திருப்பத்தில் ஸ்டியரிங்கை விட்டால் அது தானாக நடுவுக்குத் திரும்ப வருகிறதா என்றும் பார்ப்பார்கள். இந்த ஒரு கேள்விக்காகவே முன் சக்கரத்தின் கோணங்களைத் திரும்பப் படிக்க உட்கார்ந்தவர்கள் உண்டு. தோற்றால் குறைகளை எழுதிக் கொடுப்பார்கள். சரி செய்துவிட்டு, பணம் கட்டி, மறுபடி வரலாம்.