மரத்துகளுக்குக் கனிமக் காப்பு

இரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்துவிடும். முன்பெல்லாம் அதை வெட்டி விறகாக்கினர். எஞ்சியதைத் தோட்டத்திலேயே எரித்தனர். 1980களுக்குப் பின் அம்மரமே மலேசியத் தளவாட ஏற்றுமதியின் முதன்மை மூலப்பொருளாயிற்று. நல்ல கட்டை நாற்காலிக்கும் மேசைக்கும் போக, கிளையும் சிம்பும் அறுப்புத்தூளும் பிசினோடு கலந்து சூட்டில் அழுத்தப்பட்டுத் துகள்பலகையாகின்றன. பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து, பின்னர் பால்மரம் சீவிய தமிழரின் வழித்தோன்றல்கள் பலர் இன்று பிறையின் அடுக்குமாடிகளில் குடியிருக்கின்றனர். அவ்வீடுகளில் துணி அலமாரி, பிள்ளைகளின் படிப்பு மேசை, விளக்கேற்றும் சாமி மேடை என எங்கும் துகள்பலகையைக் காணலாம். அப்பலகை தீயின்முன் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்பது நம் கடமை.

திண்மரம் தீயில் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் ஆழம் கரியும் என்றும், துகள்பலகை போன்ற மரப்பலகைகள் சுமார் 0.9 மில்லிமீட்டர் கரியும் என்றும் ஐரோப்பியக் கட்டுமான விதி கணக்கிடுகிறது. பலகை மெலிந்ததாயின் அது துளைபட அதிக நேரம் ஆகாது. தீயில் சுடர்விடுவது மரமன்று, சூட்டில் அது சிதைந்து வெளிவிடும் ஆவியே. மரத்திலுள்ள ஹெமிசெல்லுலோஸ் 200 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் சிதையத் தொடங்கும். செல்லுலோஸ் 300-ஐக் கடந்தால் விரைந்து சிதையும்.

மரத்துகளின்மேல் போர்த்தும் கனிமம் தன் வேலையை இவ்விடத்தில்தான் செய்கிறது. அலுமினியம் ஹைட்ராக்சைடு ஏறத்தாழ 200 டிகிரியில் சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நீராவியாக விடுகிறது. மரம் சிதையத் தொடங்கும் அதே வேளையில் அது வெப்பத்தை உறிஞ்சுகிறது, எரியும் ஆவியை நீர்க்கச் செய்கிறது, எஞ்சும் ஆக்சைடால் துகளை மூடுகிறது. மக்னீசியம் ஹைட்ராக்சைடு ஏறத்தாழ 330 டிகிரியில் இதே பணியைச் செய்யும். சோடியம் சிலிக்கேட் சூட்டில் நுரைத்துப் பொங்கி, கண்ணாடித் தன்மையுள்ள ஓடாக இறுகும். இவ்வறிவு பழையது. நீரில் கரையும் அக்கண்ணாடியை 1818-இல் ஜெர்மானியர் யோஹன் நெபோமுக் பான் பூக்ஸ் உருவாக்கினார். 1821-இல் பிரெஞ்சு அறிஞர் கே லூசாக் அம்மோனியம் பாஸ்பேட்டும் வெங்காரமும் துணியைத் தீயினின்று காக்கும் என்று காட்டினார்.

முடிந்த பலகையின்மேல் பூச்சடித்தால் போதாதா என்பர் சிலர். போதாது. தச்சர் அறுக்கும் ஒவ்வொரு விளிம்பிலும், துளையிடும் ஒவ்வோர் இடத்திலும் காப்பற்ற மரம் வெளிப்படும். பலகையாவதற்கு முன்பே துகள் ஒவ்வொன்றும் கனிமம் போர்த்தியிருந்தால், எங்கே வெட்டினாலும் காப்பு இருக்கும்.

ஆயினும் இது எளிய பணியன்று. கனிமம் மிகுந்தால் பிசின் துகளைப் பற்றாது, பலகை வலுவிழக்கும். பெரும்பாலான பலகைகளைப் பிணைக்கும் யூரியா பார்மால்டிஹைடு பிசின் அமிலச் சூழலில் இறுகுவது. சோடியம் சிலிக்கேட்டோ காரம். வெங்காரம் நீரில் கரைவதால் ஈரம் மிகுந்த பினாங்குக் காற்றில் நிலைக்கும் என்று நம்ப இயலாது. சிமெண்டைச் சேர்க்கலாமெனில், இரப்பர் மரத்தின் மாச்சத்தும் சர்க்கரையும் அது இறுகுவதைத் தடுக்கின்றன. ஆகவே ஆய்வகத்தில் ஒரு துண்டு எரியாமல் நின்றதைக் கண்டு வெற்றி என்று பறைசாற்றுவது பொருந்தாது. வலுவும் ஈரந்தாங்கும் திறனும் தீத்தடுப்பும் ஒரே பலகையில் மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

வேண்டிய மூலப்பொருள் நம் அருகிலேயே உண்டு. கெடாவின் மூடா சமவெளியிலும் செபராங் பிறை வயல்களிலும் விளையும் நெல்லின் உமியை எரித்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும்; அச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. எரிசோடாவில் கரைத்தால் அது சோடியம் சிலிக்கேட் ஆகும். ஆனால் உமியை மிகுந்த சூட்டில் எரித்தால் சிலிக்கா படிகமாகிவிடும். அத்தூள் நுரையீரலைக் கெடுப்பது. பலகையை வாங்குபவரைத் தீயினின்று காக்க, அதைச் செய்பவரை நோய்க்கு ஒப்புக்கொடுப்பதை நாம் ஏற்க மாட்டோம். கனிமத் தூசு குறித்த 1989-ஆம் ஆண்டு விதிகள் தொழிற்சாலைத் தளத்தில் உயிரோடிருக்க வேண்டும்.

1969-இல் நிறுவப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நீரிணைக்கு அப்பால் பினாங்குத் தீவின் மிண்டனில் இருக்கிறது. அதன் தொழில்நுட்பப் புலம் மரப்பலகை ஆய்வில் நெடுங்காலம் ஈடுபட்டுள்ளது. கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. பிறையில் ஆலைகள் இருக்கின்றன. இம்மூன்றையும் ஓரிடத்தில் அமர்த்தும் கையைத்தான் காணோம். 1984-ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டட விதிகள் சுவர், கூரையுட்பரப்பு ஆகியவற்றின்மேல் தீ பரவும் வேகத்துக்கு வரம்பு கட்டுகின்றன. ஆனால் அறைக்குள் கொண்டுவந்து வைக்கும் அலமாரி கட்டடத்தின் உறுப்பன்று; அவ்வரம்பு அதைத் தொடாது. அந்த இடைவெளியை அரசின் கொள்முதலே முதலில் அடைக்க முடியும். பொது வீடமைப்புக்கும், தமிழ்ப்பள்ளி உள்ளிட்ட பள்ளிகளுக்கும், விடுதிகளுக்கும் வாங்கும் துகள்பலகைத் தளவாடங்கள் தீச்சோதனையில் தேறியவையாக இருத்தல் வேண்டும் என்று பினாங்கு மாநில அரசும் கூட்டரசும் ஏலக் குறிப்பிலேயே நிபந்தனை எழுதட்டும். அந்நிபந்தனையை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே அறிவிக்குமாறு வேண்டுகிறோம்.