சீட்டு போடுவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும்

ஊனோவில் ப்ளஸ் டூ மேல் ப்ளஸ் டூ போடலாமா, கூடாதா? சிரிக்காதீர்கள். இந்தக் கேள்வியால் என் தம்பி மகன் ஒரு லீவு முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயம் அவன் பக்கம்தான் இருந்தது. அன்றைக்குத் தீர்ப்பு சொன்னவன் நான் என்பதால் இதை எழுதிவிடுகிறேன்.

விளையாடாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஊனோ கட்டில் மொத்தம் 108 சீட்டு. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நாலு கலர், கலருக்கு 25. ஆளுக்கு 7 சீட்டு. கீழே கிடக்கும் சீட்டோடு கலரோ எண்ணோ குறியோ ஒத்துப்போனால் போடலாம், இல்லையென்றால் கட்டிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். கையில் இருப்பதை முதலில் தீர்த்தவர் ஜெயித்தார். கடைசிச் சீட்டுக்கு வரும்போது "ஊனோ" என்று கத்த வேண்டும், கத்தாமல் மாட்டினால் இரண்டு சீட்டு தண்டம்.

இதுவரை நம்ம ஊர் கழுதை ஆட்டத்துக்குத் தூரத்து சொந்தம் மாதிரிதான். அதிலும் கையைக் காலி செய்வதுதான் வேலை, கடைசியில் சீட்டோடு உட்கார்ந்திருப்பவன் கழுதை. ஆனால் ஊனோவில் அடுத்தவனுக்கு உத்தரவு போடும் சீட்டுகள் உண்டு. ஸ்கிப் போட்டால் அடுத்தவன் சும்மா உட்கார வேண்டும். ரிவர்ஸ் போட்டால் சுற்று திரும்பும். ப்ளஸ் டூ போட்டால் அடுத்தவன் இரண்டு சீட்டு எடுத்துக்கொண்டு முறையும் இழக்க வேண்டும். இது தவிர கலர் மாற்றும் சீட்டு நாலு, கலரையும் மாற்றி நாலு சீட்டும் எடுக்க வைக்கும் ப்ளஸ் ஃபோர் நாலு. (கர்நாடகத்தில் பன்னிரண்டாம் வகுப்பை பி.யூ.சி. என்பார்கள். அதனால் கே.ஜி.எஃப்.பில் எங்கள் வீட்டில் ப்ளஸ் டூ என்றால் இந்தச் சீட்டு மட்டும்தான்.)

அப்பா இருந்தவரை வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழைந்ததில்லை. மைன்ஸ் லைனில் சம்பள நாளன்று சீட்டாட்டம் என்ன செய்யும் என்று பார்த்தவர் அவர். ஊனோவை மஸ்கட்டிலிருந்து நான்தான் வாங்கிப் போனேன். ராஜா ராணி இல்லாததால் இது சீட்டுக்கட்டில் சேராது என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார். 108 என்ற எண்ணும் அவருக்குப் பிடித்துப் போயிற்று :-)

2023 டிசம்பர். ஆண்டர்சன்பேட்டை வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எட்டு பேர். தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய சின்னவன், அம்மா, என் மகள், தம்பியின் பெரியவன், நான், என் மனைவி. இதே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். தம்பி ப்ளஸ் டூ போட்டான். தம்பி மனைவி அதன் மேல் இன்னொன்று. சின்னவன் பச்சையில் ஒன்று. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிவப்பில் நாலாவதை வைத்தார். கூடமே கூச்சல். அந்த வீட்டு வழக்கப்படி, தாங்க முடியாதவர் மொத்தத்தையும் எடுக்க வேண்டும். அடுத்து என் மகள். கையில் ஒரே சீட்டு, ஊனோ சொல்லி முடித்தவள். எட்டு எடுக்க வேண்டும்.

அவள் எடுக்கவில்லை, ஃபோனை எடுத்தாள். 2019 மே மாதம் ஊனோவின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கில் இதற்கு பதில் சொல்லியிருக்கிறார்கள்: ப்ளஸ் சீட்டு வந்தால் எடுத்துக்கொண்டு முறையை இழக்க வேண்டும், அதன் மேல் இன்னொரு ப்ளஸ் சீட்டு போட்டு அடுத்தவர் தலையில் கட்டக் கூடாது. அன்றைக்கு உலகம் முழுக்க வீடுகளில் சண்டை. எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர நாலரை வருடம் ஆயிற்று. "அப்பா, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

இருபது வருடமாக சர்க்குலர் படித்துப் பிழைப்பவன் வேறு என்ன சொல்வேன். "அச்சடிச்சிருக்கறதுதான் ரூல்" என்றேன். தம்பி மனைவி ப்ளஸ் டூவைத் திரும்ப எடுத்துக்கொண்டு இரண்டு சீட்டு எடுத்தாள். சின்னவன் போட்டது மட்டும் செல்லும். அம்மாவும் தன்னுடையதை எடுத்துக்கொண்டு இரண்டு எடுத்தார். மேலே பச்சை. மகள் கையிலிருந்தது பச்சை நாலு. வைத்தாள், ஜெயித்தாள்.

பெரியவனுக்கும் அப்போது ஒரே சீட்டுதான். சிவப்பு ஏழு. பாட்டி வைத்த சிவப்பு அங்கேயே இருந்திருந்தால் ஆட்டம் அவனுடையது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். "இன்னா பெரிப்பா இது? சீட்டு போடறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்ல?" அவ்வளவுதான். நாங்கள் கிளம்பும்வரை பாயில் வந்து உட்காரவில்லை.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. காரணம், அதற்கு முந்தைய இரண்டு நாளும் என் மகளும் அதே வீட்டு ரூலில்தான் ஆடினாள். தம்பி தலையில் அவளே ஆறு சீட்டு கட்டினாள். அப்போது யாரும் ட்விட்டர் பார்க்கவில்லை. லாபம் வந்தபோது ஒத்துக்கொண்ட விதியை நஷ்டம் வந்தபோது மறுப்பது, எங்கள் தொழிலில் இதைச் செய்யும் கஸ்டமரை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

அச்சடித்த ரூல் என்று நான் சொன்னதையும் கொஞ்சம் பார்க்கலாம். ஊனோவை 1971-ல் உருவாக்கியவர் மெர்ல் ராபின்ஸ், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ரெடிங் என்ற ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். சாதாரண 52 சீட்டில் ஆடும் கிரேஸி எய்ட்ஸ் என்ற ஆட்டத்தின் விதி பற்றி அவருக்கும் அவர் மகனுக்கும் வந்த வாக்குவாதத்தில் பிறந்தது இது என்பார்கள். குடும்பமாக 8,000 டாலர் போட்டு 5,000 கட்டு அச்சடித்து, முதலில் கடையிலேயே வைத்து விற்றார். பிறகு 50,000 டாலருக்கும் கட்டுக்கு 10 சென்ட் ராயல்டிக்கும் உரிமையை விற்றார். 1992-ல் மேட்டல் கம்பெனி கைக்கு வந்தது. ஆக, இன்றைக்கு அதிகாரபூர்வம் என்று நாம் கும்பிடும் விதி, ஒரு வீட்டுக்காரர்கள் தங்கள் சண்டை தீர எழுதிக்கொண்டது. ஆண்டர்சன்பேட்டை வீட்டுக்கும் அந்த உரிமை இல்லையா என்ன?

கம்பெனியே அதில் உறுதியாக இல்லை. 2016-ல் வந்த ஊனோ வீடியோ கேமில் ப்ளஸ் மேல் ப்ளஸ் அடுக்குவதை வீட்டு விதியாகத் தேர்வு செய்துகொள்ள வசதி வைத்தார்கள். 2023-ல் 'நோ மெர்சி' என்று 168 சீட்டில் தனிக் கட்டே போட்டார்கள். அதில் அடுக்கலாம், கையில் 25 சீட்டு சேர்ந்தவர் அவுட். ட்விட்டரில் கூடாது என்பதைக் கடையில் பெட்டி போட்டு விற்கிறார்கள். வியாபாரம், தப்பு சொல்ல மாட்டேன்.

எந்த விதி நல்லது என்று கேட்டால் எத்தனை தலை என்று முதலில் கேட்பேன். மஸ்கட் ஃப்ளாட்டில் நாங்கள் மூன்று பேர். நான் ஒரு ப்ளஸ் டூ போட்டு அது இரண்டு கை தாண்டினால் என்னிடமே வந்து நிற்கிறது. அங்கே அடுக்குவதில் ஒரு ருசியும் இல்லை. ஒவ்வொருவரும் ப்ளஸ் டூவைக் கேடயமாகக் கையிலேயே பதுக்குகிறோம், ஆட்டம் இழுக்கிறது. அச்சடித்த விதியில் தண்டம் இரண்டோடு முடிகிறது, சின்னச் சின்னதாக எல்லோர் மேலும் விழுகிறது. மூன்று பேருக்கு அதுதான் சரி. எட்டு பேர் உட்கார்ந்தால் கதை வேறு. ஒருவருக்கு முறை வருவதற்குள் ஏழு பேர் ஆடியாக வேண்டும், நடுவில் கொட்டாவி வருகிறது. ஒரு ப்ளஸ் டூ கிளம்பி இரண்டு, நாலு, ஆறு என்று சுற்றி வரும்போதுதான் எட்டு பேரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். பால் வைக்கப் போன தம்பி மனைவி கூட எட்டிப் பார்க்கிறாள். தம்பி வீட்டு ரூல் சோம்பேறித்தனத்தில் வந்ததில்லை, அந்தப் பாயின் அளவுக்குத் தைத்த சட்டை அது.

அதற்காக அச்சடித்த தாளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதில் பாதிப் பேர் படிக்காத நல்ல விதி ஒன்று இருக்கிறது. கீழே இருக்கும் கலர் கையில் இருந்தால் ப்ளஸ் ஃபோர் போடக் கூடாது. ஆனாலும் போடலாம், மாட்டாமல் இருந்தால். சந்தேகப்பட்டால் தண்டம் வாங்குபவர் சவால் விடலாம். போட்டவர் கையை அவருக்கு மட்டும் காட்ட வேண்டும். பொய் என்றால் போட்டவருக்கே நாலு சீட்டு. உண்மை என்றால் சவால் விட்டவருக்கு நாலுக்கு பதில் ஆறு. இந்த ஒரு விதியில்தான் ஆட்டத்தில் முகம் பார்க்கும் வேலை வருகிறது. ப்ளஸ் ஃபோரையும் அடுக்கினால் இது செத்துவிடும், யார் கையை யார் பார்ப்பது?

சீட்டு எனக்கு வந்தது ரயிலில். பி.காம். முடித்து நாலு வருடம் மாரிகுப்பத்தில் ஏறி பெங்களூர் போய் வந்தேன். 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு சுரங்கம் மூடிய பிறகு ஊரில் பாதி அந்த ரயிலில்தான் இருந்தது. முட்டிக்கு முட்டி துண்டு விரித்துக் கழுதை ஆடுவோம். துண்டு யாருடையதோ அவர் சொல்வதுதான் ரூல். இஸ்பேட் ஆஸில் ஆரம்பிக்க வேண்டுமா, முதல் சுற்றில் வெட்டு உண்டா, எல்லாம் கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். பங்காருப்பேட்டையில் புது ஆள் ஏறினால், இடித்துக்கொண்டு உட்கார இடம் கொடுத்த கையோடு மறுபடி ஒரு தடவை சொல்வார். அதன் பிறகு தகராறு செய்தவரை நான் பார்த்ததில்லை. அந்த ரூல்கள் நல்லவையா கெட்டவையா என்று யாரும் ஆராயவில்லை. தெரிந்து உட்கார்ந்தோம்.

சவாலாகவே விதியைச் சொல்லாமல் ஆடும் மாவ் என்று ஒரு சீட்டாட்டம் வெளிநாடுகளில் உண்டு. புதிதாக வருபவர் தண்டம் வாங்கி வாங்கியே கற்றுக்கொள்ள வேண்டும். ஹாஸ்டல் பையன்களுக்கு சரி. அதையே நான் என் தம்பி மகனுக்குச் செய்தேன், அதுவும் அவன் வீட்டுப் பாயில் உட்கார்ந்துகொண்டு. என் மகளிடம் ஃபோன் இருந்தது, ஆங்கிலம் சரளமாக இருந்தது, பெரிப்பா ஸ்தானத்தில் பேங்க் ஆபீசர் ஒருவர் இருந்தார். அவனிடம் சிவப்பு ஏழு மட்டும்தான் இருந்தது.

அன்று ராத்திரி தம்பி சிரித்துக்கொண்டே, "வுடுண்ணா, நம்ம ஊருக்கு நடுவுல ரூல் மாத்தறது புதுசா இன்னா" என்றான். 1956-ல் மைசூர் சர்க்கார், 1962-ல் மத்திய சர்க்கார், 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று கை மாறிக்கொண்டே வந்த சுரங்கத்தில் அப்பா கடைசிக் கையில் மாட்டியவர். மாட்டியபோது அவர் பக்கமும் யாரும் தாளைப் படித்துச் சொல்லவில்லை. தம்பி சிரித்தான், எனக்கு சிரிப்பு வரவில்லை.

2024 டிசம்பரில் போனபோது பாய் விரித்ததும் நானே ஆரம்பித்தேன். "சீட்டு போடறதுக்கு முன்னாடி பேசிடலாம். போன வருஷம் நான் சொன்னது தப்பு." பெரியவன் ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தான். கால் மணி நேரம் பேரம். ஐந்து பேருக்கு மேல் உட்கார்ந்தால் ப்ளஸ் டூ மேல் ப்ளஸ் டூ அடுக்கலாம். ப்ளஸ் ஃபோரை அடுக்கக் கூடாது, சவால் உண்டு. இந்தச் சவால் என் மகள் கேட்டு வாங்கியது. நடுவில் ஃபோன் எடுத்தால் இரண்டு சீட்டு தண்டம், இது பெரியவன் கேட்டு வாங்கியது. பெட்டி மூடியின் உள்பக்கம் அவனே எழுதினான்.

கடைசியில் அம்மா ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பாட்டி ஊனோ சொல்ல மறந்தால் தண்டம் கிடையாது. எட்டு பேரும் ஒத்துக்கொண்டோம். அந்த வருடம் அவர் ஒரு தடவை கூட ஊனோ சொல்லவில்லை.