மலேரியாவும் பிள்ளைகளின் எதிர்ப்புச் சக்தியும்



வன்னியிலிருந்து நிவித்திகலைக்கு உறவு பார்க்க வரும் தாய்மார் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "அந்த நாளில் எங்கட பிள்ளைகளுக்கு அடிக்கடி மலேரியா வந்தது. இரண்டு நாள் படுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள்தான் சுருண்டு விழுந்தார்கள். அது ஏன்?" சத்துக் குறைவு என்று பலரும் விடை சொல்லிவிடுவார்கள். அது பாதி விடைதான்.

1983 வன்செயலில் சப்ரகமுவத் தோட்டங்களை விட்டு வவுனியாப் பக்கம் போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று. முதல் மாரியிலேயே இருவருக்கும் நடுக்கக் காய்ச்சல் வந்தது. நான் எழும்பிவிட்டேன். தம்பிக்குத் திரும்பத் திரும்ப வந்தது. இடப்பக்க விலாவுக்குக் கீழே கல்லுப்போலத் தடித்துவிட்டது. அம்மா அதைக் 'கட்டி' என்று எண்ணெய் பூசினார். அது கட்டியல்ல, மண்ணீரல்.

நுளம்பு கடித்ததும் மலேரியாக் கிருமி முதலில் ஈரலுக்குப் போய்ப் பெருகுகிறது. பிறகு இரத்தத்தில் இறங்கிச் செங்குழியங்களுக்குள் புகுந்து அவற்றை வெடிக்கச் செய்கிறது. அந்த நேரத்தில் உடம்பு வெளிவிடும் பொருள்களால்தான் நடுக்கமும் காய்ச்சலும் வருகின்றன. கிருமி புகுந்த குழியங்களை வடித்தெடுத்து அழிப்பது மண்ணீரலின் வேலை. வேலை கூடினால் அது வீங்கும். அதனால்தான் முன்பு பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்தே ஒரு ஊரில் மலேரியா எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள்.

இரத்தத்தில் பிறபொருளெதிரிகளும் உருவாகின்றன. ஆனால் சின்னமுத்தைப்போல ஒருமுறை வந்தால் போதும் என்ற கதை இங்கே இல்லை. கொடிய வகைக் கிருமி தன் மேற்சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கிருமியிடமே ஏறக்குறைய 60 சட்டைகள் உண்டு. ஒவ்வொன்றையும் பிள்ளையின் உடம்பு தனித்தனியாக அடையாளம் காணவேண்டும். நோய் நிறைந்த ஊர்களில் முதற் சில காய்ச்சல்களோடு உயிராபத்து குறைகிறது. காய்ச்சலே இலேசாவதற்குப் பல வருடங்கள் செல்லும். அப்போதும் கிருமி இரத்தத்தில் ஒளிந்திருக்கலாம். காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் இரகசியம் இதுதான். அந்தப் பலத்தைப் பெறும் வழியில் எத்தனை பிள்ளைகளைப் புதைத்தோம் என்பது தாய்மாருக்குத் தெரியும்.

1961இல் ஆபிரிக்காவின் காம்பியா நாட்டில் கோஹென், மக்கிரகர் என்ற மருத்துவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நோயோடு பழகிய பெரியவர்களின் இரத்தத்திலிருந்து பிறபொருளெதிரிகளைப் பிரித்து, மலேரியா கண்ட பிள்ளைகளுக்கு ஏற்றினார்கள். இரத்தத்திலிருந்த கிருமிகள் வேகமாகக் குறைந்தன. கர்ப்பிணித் தாயிடமிருந்து நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவதும் இதே பொருள்தான். முதற் சில மாதங்களுக்கு அது காவல், பிறகு குறைந்துவிடும். நோயே காணாத தாயிடம் கொடுக்க அதுவும் இல்லை.

எங்கள் அயல் மாவட்டமான கேகாலை இதை 1934-35இல் கண்டது. அங்கே ஆறுகள் நிறைந்து ஓடும். நுளம்புக் குடம்பிகளை வெள்ளம் அடித்துப் போய்விடும். 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. ஒக்டோபரில் தொடங்கிய காய்ச்சல் அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குள் நாட்டில் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. நெடுங்காலமாக நோயோடு வாழ்ந்த வறண்ட பகுதியைவிட, நோய்க்குப் பழகாத இந்தப் பக்கத்துக்கே அடி பலமாக விழுந்தது. பஞ்சமும் கூட இருந்தது. 1935இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். அப்போது கிராமம் கிராமமாக உணவும் மருந்தும் கொண்டுபோன என்.எம்.பெரேராவுக்குப் 'பருப்பு மாத்தையா' என்றே பெயர் வந்துவிட்டது!

இன்னொன்றும் உண்டு. நோய் விலகினால் உடம்பு இந்தப் பலத்தை மெல்ல மெல்ல இழந்துவிடும். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா 2012 ஒக்டோபரோடு நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. ஆகவே இன்றைய வன்னிப் பிள்ளையும் நிவித்திகலப் பிள்ளையும் இந்த விடயத்தில் ஒன்றுதான். சின்ன வயதில் இருபது தரம் வந்தது, இனி ஒன்றும் செய்யாது என்று நினைக்கும் பெரியவர்களும் அதே நிலைதான். வெளிநாடுகளிலிருந்து நோய் இன்றும் ஆட்களோடு வருகிறது. 2018 கடைசியில் மொனராகலையில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றியது. நகரத்துத் தண்ணீர்த் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகக்கூடிய புதிய வகை மலேரியா நுளம்பு ஒன்று மன்னாரில் காணப்பட்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் மாணிக்கக்கல் வியாபாரத்துக்கு மடகஸ்காருக்குப் போகிறார்கள். உங்கள் பக்கத்தில் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து உறவுகள் திரும்புகிறார்கள். அப்படி வந்தவருக்கோ அந்த வீட்டுப் பிள்ளைக்கோ காய்ச்சல் வந்தால், பல மாதங்கள் கழிந்திருந்தாலும், பயண விபரத்தை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். இப்போது காய்ச்சல் என்றதும் டெங்குதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மலேரியா இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. ஈரலில் ஒளிந்திருக்கும் வகைக்கு 14 நாள் குளிசை கொடுப்பார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டாலும் பதினான்கையும் முடிக்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அந்தக் குளிசை கூடாது. அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆபிரிக்காவுக்குப் புறப்படுகிறவர்களுக்கு மலேரியா தடை இயக்கம் முற்காப்புக் குளிசைகளை இலவசமாகத் தருகிறது. பயணப் பை கட்டும்போதே கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.